உலர் சலவை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. ஆடை அழகாக இருந்தால் மட்டும் போதாது. தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று மற்றொரு பழமொழி கூறுவதும் இதனாலேயே. ஆடையைக் கசக்குவதற்குத் தண்ணீர் வேண்டும். ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் கல்லில் அடித்துத் துவைத்தும், உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் வைத்தும் துணி வெளுப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். பருத்தித் துணிக்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஆனால், மக்கள் உடுப்பவை எல்லாம் பருத்தித் துணிகள் அல்ல.

குளிர்நாடுகளில் வாழ்வோர்க்குக் கம்பளி உடை இன்றியமையாதது. கம்பளி மயிர் ஒன்றை உருப்பெருக்காடியின் வழியே நோக்கினால், அதன் மேற்புறத்தில் மீன் செதில்களைப் போன்ற நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதைக் காணலாம். கம்பளியை வெந்நீரில் இட்டுக் கசக்கும்போது, ஒரு மயிரின் செதில்கள் மற்றொன்றின் செதில்களோடு கோத்துக்கொள்கின்றன. பின்னர் அவற்றைப் பிரித்தல் அரிது. துணி சுருங்கித் தடித்துவிடுகிறது. பட்டுத் துணியோ நீரில் மெருகு குன்றும். சில சாயங்கள் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். கோட்டு போன்ற உடைகளில் மேல்துணி ஒருவகை, உள்துணி ஒருவகை, இடையே வைத்துத் தைக்கும் விறைப்புத் துணி வேறொருவகை. நீரில் நனைந்தால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவாகச் சுருங்கும். உடையின் அமைப்பே கெட்டுவிடும். ஆகவே, முற்காலத்தில் ஐரோப்பியச் செல்வர்களின் விலையுயர்ந்த உடைகளைச் சலவை செய்ய வேண்டின், தையலைப் பிரித்துத் துண்டு துண்டாகத் துவைத்து, மீண்டும் தைப்பதும் உண்டு. இதனால் பொருளும் காலமும் மிகுதியாகச் செலவாயின.

நீரில் நனைக்காமல் துணியைத் தூய்மை செய்ய இயலாதா? இவ்வினாவுக்குக் கிடைத்த விடையே உலர் சலவை.

உலர் சலவை என்ற பெயரைக் கேட்போர், துணி நனையாமலே வெளுக்கப்படுகிறது என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. உலர் சலவையிலும் துணி ஒரு திரவத்தில் நன்றாக நனைகிறது. அத்திரவம் நீர் அன்று என்பதே வேறுபாடு. உடையில் படியும் தூசியைப் பெரும்பாலும் துணியோடு ஒட்டவைப்பது எண்ணெய்ப் பசையே. உடலிலிருந்து கசியும் எண்ணெயும், உணவிலிருந்து சிந்தும் நெய்யும் துணியில் ஊறி, பறந்து வரும் தூசியைப் பற்றிக்கொள்கின்றன. எண்ணெய் நீரில் கரைவதில்லை. ஆனால் டர்ப்பன்டைன், பெட்ரோல் போன்ற திரவங்களில் அது எளிதில் கரைகிறது. பசை கரைந்தால், அதைப் பற்றியிருந்த தூசியும் தானே விலகுகிறது. இத்திரவங்கள் கம்பளி மயிரினுள் நீரைப் போலப் புகுந்து அதனைப் பருக்கச் செய்வதில்லை. எனவே, துணி சுருங்குவதில்லை. இவ்வாறு அழுக்கைக் கரைக்கும் திரவத்திற்குக் கரைப்பான் என்று பெயர்.

எண்ணெய்ப் பசையைப் போக்கும் முயற்சி மிகப் பழமையானது. இத்தாலி நாட்டில் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் சீறியபோது, பாம்பெய் என்னும் நகரம் சாம்பலில் புதையுண்டது. பிற்காலத்தில் அந்நகரைத் தோண்டியெடுத்தபோது, துணி வெளுப்போரின் தொழிற்கூடங்கள் தொட்டிகளோடு வெளிப்பட்டன. உரோமானியர்களின் கம்பளி உடைகளைத் தொட்டியில் இட்டுக் காலால் மிதித்து அவர்கள் வெளுத்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவை புளித்த சிறுநீரும், எண்ணெயை உறிஞ்சும் இயல்புடைய ஒருவகைக் களிமண்ணும் ஆகும். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா அழுக்கை அகற்றியது. களிமண் பசையை உறிஞ்சியது. ஆயினும், அங்கும் நீரே துணையாக நின்றது. நீரை விலக்கிய சலவை தோன்றுவதற்கு, அதன் பிறகு பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்னும் தையற்காரர் ஒருவர் வாழ்ந்தார். அவர் 1791இல் பிறந்தவர். நீக்ரோ இனத்தவர் என்று அக்காலத்தார் அழைத்த கறுப்பின மக்களைச் சேர்ந்தவர். கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் அந்நாட்டில் அடிமைகளாக விற்கப்பட்டுவந்த காலம் அது. ஜென்னிங்ஸ் அடிமையாகப் பிறக்கவில்லை. தம் உழைப்பால் உடைக்கடை ஒன்றை நிறுவினார். தாம் தைத்துக் கொடுத்த நல்ல உடைகள் கறைபட்டுப் பயனற்றுப் போவதைக் கண்டு, அவற்றைத் தூய்மை செய்யும் வழியைத் தேடினார். பல முயற்சிகளுக்குப் பின்னர் உலர் முறை ஒன்றைக் கண்டுபிடித்து, 1821ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கறுப்பின மக்களுள் அறியப்பட்ட முதல்வர் அவரே.

அவருடைய முறை யாது? அதனை இன்று அறிய வழியில்லை. 1836இல் வாஷிங்டன் நகரிலிருந்த காப்புரிமை அலுவலகம் தீக்கிரையானபோது, அவருடைய முறையை விளக்கிய ஏடும் எரிந்துபோயிற்று. ஆனால், அத்தொழிலால் விளைந்த பயன் எரிந்துவிடவில்லை. ஜென்னிங்ஸ் தாம் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை அடிமை ஒழிப்புப் பணிக்குச் செலவிட்டார். 1854இல் அவருடைய மகள் எலிசபெத், கறுப்பினத்தவள் என்னும் காரணத்தால் நியூயார்க் நகரின் தெருவண்டி ஒன்றிலிருந்து வலிந்து இறக்கப்பட்டாள். தந்தையின் துணையோடு அவள் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டில் வெற்றி பெற்றாள். அவளுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் செஸ்டர் ஆர்தர் பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். ஒரு தையற்கடையின் உழைப்பு ஓர் இனத்தின் உரிமைக்கும் துணைநின்றது.

ஜென்னிங்ஸின் முறை பரவாது மறைந்தது. உலர் சலவையைத் தொழிலாக வளர்த்த பெருமை பிரான்சு நாட்டைச் சார்ந்தது. பாரிஸ் நகரில் சாயத்தொழில் புரிந்துவந்த ஜோலி என்பவரின் வீட்டில், பணிப்பெண் ஒருத்தி மேசைவிரிப்பின்மீது விளக்கைத் தவறுதலாகக் கவிழ்த்துவிட்டாளாம். விளக்கில் இருந்த டர்ப்பன்டைன் போன்ற எண்ணெய் சிந்திய இடம் மட்டும் மற்ற இடங்களைவிடத் தூய்மையாக விளங்கியதாம். அதைக் கண்டு ஜோலி புதிய சலவை முறையைத் தொடங்கினார் என்று கூறுவர். இக்கதையை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில் இத்தொழில் வேரூன்றியது என்பதில் ஐயமில்லை. அதனாலேயே வேறு நாட்டார் சிலர் இதனைப் ‘பிரெஞ்சுச் சலவை’ என்று அழைத்தனர்.

பாரிஸிலிருந்து இத்தொழில் பிற நாடுகளுக்குப் பரவியது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஸ்பிண்ட்லர் என்பவர் 1854இல் இதனைத் தொடங்கினார். தொழில் பெருகவே, நகருக்கு வெளியே கோப்பனிக் என்னும் ஊரருகில், ஸ்பிரே ஆற்றங்கரையில், 1873இல் பெரிய தொழிற்சாலை அமைக்கப்பட்டது. அவ்விடம் இன்றும் ‘ஸ்பிண்ட்லர்ஸ்ஃபெல்டு’ என்றே வழங்குகிறது. ஸ்காட்லாந்து நாட்டின் பெர்த் நகரில் 1824இல் தொடங்கப்பெற்ற புல்லர் சாயச்சாலையும் 1860களில் உலர் சலவையை மேற்கொண்டது. நாட்டின் பல ஊர்களிலும் அதற்கு முகவர்கள் இருந்தனர். அவர்களிடம் மக்கள் கொடுத்த உடைகள் இருப்புப்பாதை வழியாகவும் அஞ்சல் வழியாகவும் பெர்த் நகரை அடைந்து, தூய்மைபெற்றுத் திரும்பின.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. உடையை வாங்கும் கடை நகரின் நடுவே இருந்தது. சலவை செய்யும் இயந்திரமோ தொலைவில் இருந்தது. இவ்வாறு கடையும் இயந்திரமும் பிரிந்திருந்ததன் காரணம், தொழிற்சாலைக்கு வேண்டிய இடப்பரப்பு மட்டும் அன்று. அச்சமும் ஒரு காரணம்.

முதலில் பயன்பட்ட டர்ப்பன்டைனுக்கு வாடை மிகுதி. அதன்பின் பென்சீனும், பெட்ரோலியத்திலிருந்து வடித்த பென்சைன் என்னும் எண்ணெயும் வழக்கிற்கு வந்தன. பென்சீனை 1825இல் கண்டறிந்தவர் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. நிலக்கரித் தாரிலிருந்து அதனைப் பெருமளவில் பிரித்தெடுக்கும் வழியைக் காட்டியவர் சார்லஸ் மேன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கில இளைஞர். இத்திரவங்கள் எண்ணெய்ப் பசையை நொடியில் கரைத்தன, விரைவில் உலர்ந்தன. ஆனால், விரைவில் ஆவியாகும் இயல்பே அவற்றின் பெருங்குறையும் ஆயிற்று. அவ்வாவி காற்றோடு கலந்த இடத்தில் ஒரு சிறு பொறி விழுந்தாலும் வெடித்து எரியும். 1855இல் மேன்ஸ்ஃபீல்டு பாரிஸ் பொருட்காட்சிக்கு அனுப்புவதற்காக இத்தகைய எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தபோது, வாலை தீப்பற்றியது. கட்டடத்தைக் காப்பாற்ற எண்ணி, எரியும் வாலையை அவர் தெருவுக்குத் தூக்கிச் சென்றார். அத்தீப்புண்களால் சில நாட்களில் உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து.

தொடக்கத்தில் தொழிலாளர்கள் தொட்டியில் துணியை முக்கிக் கையால் தேய்த்தனர். பின்னர் இயந்திரங்கள் தோன்றின. துணியும் எண்ணெயும் இட்டு மூடிய உருளை ஒன்றைக் கையாலோ நீராவிப் பொறியாலோ சுழற்றினர். உருளையிலிருந்து எடுத்த துணியை, மிகு விரைவாகச் சுழலும் மற்றொரு கூடையில் இட்டு எண்ணெயைப் பிரித்தனர். பிறகு வெப்பமான அறையில் தொங்கவிட்டு உலர்த்தினர். அழுக்கேறிய எண்ணெயைக் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தினர். விளக்கும் நெருப்பும் அக்கூடத்தினுள் விலக்கப்பட்டன. அப்படியிருந்தும் தீ விபத்துகள் நிகழ்ந்தன. நெருப்பே இல்லாத இடத்தில் தீ எவ்வாறு தோன்றியது?

ஜெர்மன் இரசாயன அறிஞர் ரிக்டர் இதனை ஆராய்ந்து, 1893இல் ஒரு நூல் வெளியிட்டார். கம்பளியும் பட்டும் பென்சைனில் உராயும்போது மின்னேற்றம் உண்டாகிறது. காற்று உலர்ந்திருக்கும் குளிர்நாளில், தொழிலாளி துணியைத் தொட்டியிலிருந்து உயர்த்தும் நேரத்தில், அம்மின்னேற்றம் சிறு பொறியாகப் பாய்கிறது, ஆவி பற்றிக்கொள்கிறது. பென்சைனில் கரையும் ஒருவகைச் சவுக்காரத்தைச் சிறிதளவு சேர்த்தால், மின்னேற்றம் தங்காமல் கசிந்துவிடும் என்று அவர் காட்டினார். அறிவு ஒன்றே அங்குப் பல உயிர்களைக் காக்கும் கருவியாயிற்று.

எனினும், தீயைப் பற்றிய அச்சம் முழுதும் நீங்கவில்லை. அமெரிக்காவில் பல சலவைச்சாலைகள் மோட்டார் வண்டிக்குரிய பெட்ரோலையே பயன்படுத்திவந்தன. அட்லாண்டா நகரில் சலவைத் தொழில் நடத்திய ஸ்டாடர்டு என்பவர், எளிதில் தீப்பற்றாத ஓர் எண்ணெய் வேண்டும் என்று முயன்றார். ஆராய்ச்சியாளர் துணையோடு, பெட்ரோலியத்திலிருந்து பெட்ரோலை விடச் சற்றுக் கனமான பகுதி பிரித்தெடுக்கப்பட்டது. பெட்ரோலின் ஆவி உறைபனி நிலைக்குக் கீழேயும் தீப்பற்றக்கூடியது. புதிய எண்ணெயின் ஆவியோ ஏறக்குறைய 38 பாகை சென்டிகிரேடு வெப்பத்திற்குக் கீழே தீப்பற்றுவதில்லை. 1928இல் அமெரிக்க அரசாங்கத்தின் வணிகத் துறை இதற்குத் தர அளவு வகுத்தது. ஸ்டாடர்டின் பெயராலேயே அது வழங்கலாயிற்று. ஆபத்து குறைந்தது, ஆனால் மறையவில்லை.

எரியவே எரியாத கரைப்பான் ஒன்று கிடைத்தால் எத்துணை நன்று! கார்பனும் குளோரினும் சேர்ந்த சில கூட்டுப்பொருள்கள் இவ்வியல்பு உடையவை. கார்பன் டெட்ராகுளோரைடு முதலில் பயன்பட்டது. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்பது தெரிந்தது. இயந்திரத்தின் உலோகத்தையும் அது அரித்தது. டிரைகுளோரோ எத்திலீன் சில சாயங்களைக் கரைத்துவிட்டது. இறுதியில் 1930களில் தொழிலில் இடம்பெற்றது பெர்குளோரோ எத்திலீன் என்பது. தொழிலில் இருப்போர் இதனைச் சுருக்கமாகப் ‘பெர்க்’ என்பர்.

இதனை முதன்முதல் ஆக்கியவரும் ஃபாரடேயே. கொல்லன் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பயின்று, பின் உலகம் போற்றும் விஞ்ஞானியாக உயர்ந்தவர் அவர். லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தில் அவர் பெர்க்கை ஆக்கிய ஆண்டு 1821. நியூயார்க்கில் தையற்காரர் ஜென்னிங்ஸ் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான். ஒருவர் செய்த பொருள் மற்றவர் தொடங்கிய தொழிலைச் சென்றடைய நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

பெர்க் நீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் சுமார் 1.6 கிலோகிராம் எடையுள்ளது. 121 பாகையில் கொதிப்பது, தீப்பற்றாதது. இதனால் இயந்திரத்தின் அமைப்பே மாறியது. முன்பு துணியைச் சலவை உருளையிலிருந்து எடுத்து உலர்த்தும் உருளையில் இடவேண்டியிருந்தது. பிற்பாடு வந்த இயந்திரத்தில் எல்லாச் செயல்களும் ஒரே உருளையில் நிகழ்கின்றன. உலர்ந்த துணியை உள்ளே இட்டு, உலர்ந்த துணியாகவே வெளியே எடுக்கலாம்.

அவ்வியந்திரத்தின் செயல்முறை அறியத்தக்கது. சலவைக்கு வந்த உடைகள் நிறத்திற்கும் துணிவகைக்கும் ஏற்பப் பிரிக்கப்படுகின்றன. பைகள் சோதிக்கப்படுகின்றன, மறந்து வைத்த பேனா ஒன்று போதும், ஓர் உருளைத் துணி முழுதும் பாழாகும். உடைகளை உருளையில் இட்டுக் கதவை மூடியதும், தொட்டியிலிருந்து கரைப்பான் குழாய் வழியே ஏற்றப்படுகிறது. உருளை மெல்லச் சுழல்கிறது. துணி மேலெழுந்து கீழே விழுந்து அலசப்படுகிறது. அழுக்கேறிய கரைப்பான், பொத்தான்களையும் ஊசிகளையும் பிடித்துக்கொள்ளும் வலைக்கூடையின் வழியாகச் சென்று, வடிகட்டியில் தெளிந்து, மீண்டும் உருளைக்கு வருகிறது. வேர்வை உப்பும் சர்க்கரையும் எண்ணெயில் கரையாதவை. ஆகவே, அவற்றைப் போக்கக் கரைப்பானில் தனிவகைச் சவுக்காரமும் மிகச் சிறிதளவு நீரும் சேர்ப்பது உண்டு. அலசி முடிந்தபின் உருளை விரைவாகச் சுழன்று கரைப்பானைப் பிழிந்தெடுக்கிறது. பின்னர் வெப்பக்காற்று துணியினூடே செலுத்தப்படுகிறது. அக்காற்றோடு வரும் ஆவி, குளிர்ந்த குழாய்களில் பட்டு மீண்டும் திரவமாகிறது. அழுக்கு மிகுந்த கரைப்பான் காய்ச்சி வடிக்கப்படுகிறது. தூய கரைப்பான் தொட்டியை அடைய, அழுக்கு மட்டும் வாலையின் அடியில் சேறாகத் தங்குகிறது.

இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணுதல் தவறு. தேநீர்க் கறை, மைக் கறை, குருதிக் கறை ஒவ்வொன்றிற்கும் மருந்து வேறு. கறையின் நிறம், விளிம்பு, மணம் ஆகியவற்றைக் கொண்டு அது யாது என்று அறிந்து, துணிக்குக் கேடு வராதவாறு அதனைப் போக்குதல் தேர்ந்த கையின் வேலை. இறுதியில் உடைக்கு உருவம் தருவது இஸ்திரி. இதற்கு முன்பு பளுவான இஸ்திரிப் பெட்டியே துணை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரில் தையற்காரராக இருந்த ஹாஃப்மன் நீராவி அழுத்தி ஒன்றை அமைத்தார். இரு பலகைகளுக்கு இடையே உடையை வைத்து நீராவியைச் செலுத்தி அழுத்தும் அக்கருவி, நாளடைவில் சலவைக் கடைதோறும் இடம்பெற்றது.

பெர்க் எரியாத காரணத்தால், தொலைவில் இருந்த இயந்திரம் கடைக்குள் வந்தது. 1949இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மார்ட்டின் என்னும் இரசாயன அறிஞர், இயந்திரத்தைக் கடையிலேயே வைத்து, ஒரு மணி நேரத்தில் உடையைத் தூய்மை செய்து தரும் முறையைத் தொடங்கினார். தொலைவிலுள்ள தொழிற்சாலைக்கு உடையை அனுப்பிப் பல நாட்கள் காத்திருந்த மக்களுக்கு இது வியப்பாக இருந்தது. அவருடைய பெயர் தாங்கிய கடைகள் ஊர்தோறும் தோன்றின. வீடுகளின் கீழ்த்தளங்களிலும், உணவுக் கடைகளுக்கு அருகிலும் உலர் சலவைக் கடைகள் பெருகின. பாதுகாப்பான கரைப்பான் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் கருதினர்.

ஆனால், எரியாத பொருளெல்லாம் தீங்கற்ற பொருள் ஆகுமா? இயந்திரத்தின் அருகே நாள் முழுதும் நின்ற தொழிலாளர்க்குத் தலைவலியும் மயக்கமும் உண்டாயின. ஈரலும் சிறுநீரகமும் கெடக்கூடும் என்பதை மருத்துவர்கள் கண்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1995இல், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் பெர்க்கையும் சேர்த்தது. கேடு கடையோடு நிற்கவில்லை. ஆவி சுவர்களையும் கூரையையும் ஊடுருவி, மேல்தளத்தில் வாழ்வோரின் அறைகளையும் அடைந்தது. தரையில் சிந்திய பெர்க், நீரைவிடக் கனமானது ஆதலின், மண்ணுள் ஆழ இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. அங்கே அது எளிதில் சிதைவதில்லை. கடை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும், அவ்விடத்து மண்ணையும் நீரையும் தூய்மை செய்யவேண்டிய நிலை அமெரிக்காவில் பல ஊர்களில் ஏற்பட்டது. உடையிலிருந்து நீங்கிய அழுக்கைவிடக் கொடியதொன்று மண்ணில் தங்கிவிட்டது.

இதனைத் தடுக்க இயந்திரங்கள் திருத்தப்பட்டன. ஆவியை வெளியே விடும் குழாய்கள் நீக்கப்பட்டன. ஆவியைக் குளிரூட்டிப் பிடிக்கும் கருவிகளும், எஞ்சியதை உறிஞ்சும் கரி வடிகட்டிகளும் பொருத்தப்பட்டன. உருளையில் ஆவி மிகுந்திருக்கும்போது கதவு திறவாதபடி காக்கும் அமைப்பும் வந்தது. சட்டங்களும் துணைநின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1993இல் உலர் சலவைக் கடைகளுக்கு விதிகள் வகுத்தது. குடியிருப்புக் கட்டடங்களில் உள்ள கடைகள் 2020ஆம் ஆண்டு இறுதிக்குள் பெர்க்கைக் கைவிடவேண்டும் என்று 2006இல் ஆணையிட்டது. கலிபோர்னியா மாநிலம் 2007இல் செய்த விதியின்படி, 2023 தொடக்கம் முதல் அங்கு உலர் சலவையில் பெர்க் விலக்கப்பட்டது. 2024 டிசம்பரில், நாடு முழுவதிலும் உலர் சலவையிலிருந்து பத்தாண்டுகளில் பெர்க்கைப் படிப்படியாக நீக்குவதற்கான விதியையும் அந்நிறுவனம் வெளியிட்டது. தீயைப் பற்றிய அச்சம் இயந்திரத்தைக் கடையிலிருந்து பிரித்தது. தீயின்மை இரண்டையும் சேர்த்தது. நஞ்சைப் பற்றிய அச்சம் மீண்டும் பிரிக்கலாயிற்று.

மாற்று வழிகள் பல முயலப்பட்டன. பெட்ரோலிய எண்ணெய்களே மீண்டும் வந்தன. ஆனால் அவை பழைய எண்ணெய்கள் அல்ல. 60 பாகைக்கு மேலே மட்டுமே தீப்பற்றும்படி தூய்மை செய்யப்பட்டவை. உருளையிலுள்ள காற்றை அகற்றியோ, வெப்பத்தைக் கட்டுப்படுத்தியோ தீ எழாமல் காக்கும் இயந்திரங்களில் அவை பயன்படுகின்றன. மனிதர் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவும் கரைப்பானாகிறது. காற்றழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் அவ்வாயு திரவமாகி, எண்ணெயைக் கரைக்கிறது. அழுத்தம் நீங்கியதும் மீண்டும் வாயுவாகித் துணியை விட்டு அகல்கிறது. ஆனால், அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் இயந்திரத்தின் விலை மிகுதி.

வியப்புக்குரிய மாற்று மற்றொன்று உண்டு, அது தண்ணீரே. 1991இல் ஜெர்மன் நாட்டு நிறுவனங்கள் இரண்டு, கம்பளி உடைகளையும் நீரிலேயே சலவை செய்யும் இயந்திரமுறை ஒன்றை வெளியிட்டன. கம்பளி சுருங்குவதற்கு நீர் மட்டும் காரணமன்று. நனைந்த நிலையில் அதனைக் கசக்குவதும் வெப்பப்படுத்துவதுமே பெருங்காரணம். எனவே, குறைந்த நீரில், மென்மையான சவுக்காரத்தோடு, உருளையை மிக மெதுவாக அசைத்து, ஈரப்பதத்தை அளந்து உலர்த்தினால் பல உடைகள் சுருங்குவதில்லை. எதனை விலக்குவதற்காகத் தொழில் தோன்றியதோ, அதனிடமே அது திரும்பி வந்தது.

எந்த உடையை எம்முறையில் சலவை செய்வது என்பதை அறிவிக்க, உடையின் உட்புறத்தில் சிறு துணிச்சீட்டு தைக்கப்படுகிறது. அதிலுள்ள வட்டக் குறி உலர் சலவையைக் குறிக்கும். வட்டத்தினுள் உள்ள எழுத்து எக்கரைப்பானைப் பயன்படுத்தலாம் என்பதைச் சலவைக்காரருக்குத் தெரிவிக்கும். வட்டத்தின்மீது குறுக்குக் கோடு இட்டிருந்தால் உலர் சலவை கூடாது என்பது பொருள். சீட்டைப் படிப்பவர் உடையைக் கெடுப்பதில்லை.

உலர் சலவையின் வரலாறு ஒரு சிறு தொழிலின் வரலாறே. எனினும், அதில் கற்கவேண்டிய பாடம் பெரிது. ஒரு தீங்கைப் போக்கிய ஒவ்வொரு பொருளும், கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு தீங்கைத் தன்னுள் கொண்டிருந்தது. எரியும் எண்ணெயின் தீமை ஒரு நொடியில் வெளிப்பட்டது. எரியாத திரவத்தின் தீமை வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின. அத்தீமையை முதலில் உணர்ந்தவர், வெளுத்த உடையை அணிந்து சென்றவர் அல்லர். இயந்திரத்தின் அருகே நின்று உழைத்தவரே. ஆகவே, ஒரு தொழிலின் சிறப்பை ஆராயும்போது, அது தரும் பொருள் எவ்வளவு தூயது என்று மட்டும் பார்த்தல் போதாது. அதனைச் செய்வோரின் உடல் நலமும், அது நடக்கும் இடத்து மண்ணும் நீரும் தூயனவாக உள்ளனவா என்றும் பார்த்தல் வேண்டும். அதுவே முழுத் தூய்மை ஆகும்.